சொல்லாமல் வாருங்கள்: மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இணை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு தனியார் மருத்துவமனையில் என் தாயாரைக் கவனித்த விதம் பற்றி நான் கொடுத்த மனு தங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. நான்கு மாதம் கழித்துத் தாங்கள் அனுப்பிய பதிலும் கிடைத்தது. "மேற்படி மருத்துவமனை நேரில் ஆய்வு செய்யப்பட்டது. பதிவேடுகள் முறையாகப் பராமரிக்கப்பட்டுள்ளன. குறைபாடு ஏதும் கண்டறியப்படவில்லை." மொத்தமே மூன்று வாக்கியங்கள். இன்னொரு மனு எழுதினால் அதுவும் அதே கோப்பில் போய் உட்காரும் என்பதால், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

ஆய்வு நடந்த அன்று நானும் அந்த மருத்துவமனையில் இருந்தேன். அம்மாவின் சிகிச்சைப் பதிவுகள் அடங்கிய கேஸ் ஷீட்டின் நகலுக்காக நான்காவது முறையாகப் போயிருந்தேன். "இன்று முடியாது அம்மா, ஜே.டி. ஆபீசிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். நேற்றே போன் வந்துவிட்டது. நாளை வாருங்கள்" என்றார் வரவேற்பறையில் இருந்த பெண். ஜே.டி. என்று அவர் சொன்னது இணை இயக்குநராகிய தங்களைத்தான். நான் எழுந்து போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். புதிய படுக்கை விரிப்புகள் கட்டுக் கட்டாக மாடிக்கு ஏறின. சுவரில் காலியாகத் தொங்கிய கை சுத்திகரிப்பான் புட்டிகளை ஒருவர் நிரப்பிக்கொண்டே போனார். மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக மருத்துவக் கழிவுத் தொட்டிகள் வரிசையில் வந்து நின்றன. அம்மா அங்கே இருந்த பதினோரு நாட்களில் நான் ஒருமுறைகூடப் பார்த்திராத செவிலியர் ஆறு பேர், தேய்த்த சீருடையோடு வேனிலிருந்து இறங்கினார்கள். பதினொன்றரை மணிக்குத் தங்கள் அலுவலர்கள் வந்தார்கள். பன்னிரண்டேகாலுக்குப் புறப்பட்டார்கள். அதில் பெரும்பகுதி நேரம் நிர்வாக அறையின் கதவு சாத்தியிருந்தது.

நான் 22 ஆண்டுகளாக அரசுப் பள்ளி ஆசிரியை. கல்வி அலுவலர் வரும் தேதி முன்கூட்டியே தெரிந்தால் ஒரு பள்ளி என்னென்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். அந்த வேலைகளில் நானும் கைகொடுத்திருக்கிறேன். தேதி சொல்லிவிட்டு வந்த எந்த அலுவலரும் என் வகுப்பின் சாதாரண நாளைப் பார்த்ததில்லை. பள்ளியில் அதனால் உயிர் போகாது. மருத்துவமனையில் போகும். ஆகவே முதலில் என் கோரிக்கையைச் சொல்லிவிடுகிறேன்: சொல்லாமல் வாருங்கள்.

அம்மாவுக்கு வயது 74. கொல்லையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. எலும்பு நன்றாகவே சேர்ந்தது. என் புகாரெல்லாம் அதற்குப் பிந்தைய இரவுகளைப் பற்றியது. மூன்றாம் நாளிலிருந்து "பின்னால் எரிகிறது" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். ஆபரேஷன் வலி அப்படித்தான் இருக்கும் என்றார்கள். நாங்களும் நம்பினோம். அந்த நம்பிக்கையை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

வீட்டுக்கு அழைத்து வந்த அன்று மாலை, உடம்பு துடைத்துவிடுவதற்காக நானும் தங்கையும் அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். முதுகின் அடியில், வால் எலும்புக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்து வெடித்திருந்தது. உள்ளே தசை தெரிந்தது. நாற்றம் தாங்கவில்லை. "என்னடி அங்கே?" என்று அம்மா கேட்டார். "ஒன்றுமில்லை அம்மா, கொஞ்சம் சிவந்திருக்கிறது" என்றாள் தங்கை. டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் "நல்ல நிலையில் வீடு திரும்புகிறார்" என்று இருந்தது. படுக்கைப் புண் என்ற சொல் அதில் எங்குமே இல்லை.

தாங்கள் மருத்துவர்; இதைத் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அசைய முடியாமல் படுத்திருப்பவரின் உடலில் எலும்பு அழுத்தும் இடங்களுக்கு ரத்தம் போவது தடைபடும். சில மணி நேரத்திலேயே அங்கே தோலும் தசையும் சாகத் தொடங்கிவிடும். அதனால்தான் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது செவிலியப் பயிற்சியின் பாலபாடம். முதலில் தெரிவது ஒரு சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்காத சிவப்பு. அந்தக் கட்டத்தில் பார்த்துவிட்டால் புண்ணே வராமல் காப்பாற்றிவிடலாம். அதற்கு ஸ்கேன் வேண்டாம், ஒரு விரல் போதும். பதினோரு நாளில் அந்த ஒரு விரல் கிடைக்கவில்லை. பில்லில் மட்டும் "நர்சிங் பராமரிப்பு" என்று நாளொன்றுக்கு 900 ரூபாய் வீதம் 9,900 ரூபாய் இருந்தது.

கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது. எனக்குக் கிடைக்க 19 நாள் ஆயிற்று. அதில் அம்மாவை எப்போதெல்லாம் புரட்டிப் படுக்க வைத்தார்கள் என்பதற்கு ஒரு தாள் இருக்கிறது. இரவு 10, 12, 2, 4 என்று ஒவ்வொரு நேரத்துக்கும் எதிரே டிக். எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு. தங்கை கட்டிலருகே கண் மூடாமல் உட்கார்ந்திருந்த இரவுகளில், யாரும் எட்டிப் பார்க்காத 2 மணிக்கும் டிக் இருக்கிறது. எங்கள் சொல்லை யார் நம்புவார்கள் என்று அதைக்கூடத் தள்ளிவிடலாம். ஆனால் டிஸ்சார்ஜ் ஆன நாளின் தாளைப் பாருங்கள். காலை 11.20க்குப் பணம் கட்டிய ரசீது இருக்கிறது. பகல் 12 மணிக்கு அம்மாவை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டோம். தாளின்படி பிற்பகல் 2 மணிக்கும், 4 மணிக்கும், 6 மணிக்கும் அந்த மருத்துவமனைக் கட்டிலில் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள். அந்த 4 மணிக்குத்தான் எங்கள் வீட்டில் நாங்கள் அந்தப் புண்ணைப் பார்த்தோம்.

"முறையாகப் பராமரிக்கப்பட்டுள்ளன" என்று தாங்கள் கையெழுத்திட்ட பதிவேடு இதுதான். இதன் நகலைத் தங்கள் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தேன். ஒப்புகை அட்டை என்னிடம் இருக்கிறது.

டிக் போட்ட பெண்ணைத் தண்டியுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவருக்கு என் மாணவிகளின் வயது. இரவில் 24 படுக்கைகளுக்கு அவர் ஒருத்திதான். இடுப்பு முறிந்த ஒருவரைப் புரட்ட இரண்டு பேர் வேண்டும். இரண்டாவது ஆளுக்கு அவர் எங்கே போவார்? மாதச் சம்பளம் 9,000 ரூபாய் என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறார். 50 படுக்கைகளுக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று, 2016இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைக்கப்பட்ட குழு பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை எந்த அலமாரியில் தூங்குகிறது? தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 1997இலேயே சட்டம் இயற்றியது. அதற்கு விதிகள் வந்தது 2018இல். சட்டத்துக்கு விதி எழுதவே 21 ஆண்டுகள் எடுத்துக்கொண்ட நாட்டில், முதுகுக்கு அடியில் அழுகும் புண்ணுக்கு யார் அவசரப்படுவார்கள்? 2024 டிசம்பரில் திண்டுக்கல் தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்து, மின்தூக்கிக்குள் சிக்கி உயிர்கள் போனபோது ஊரே பதறியது. தீ எல்லோர் கண்ணுக்கும் தெரியும். போர்வைக்கு அடியில் இருப்பது யாராவது போர்வையை விலக்கினால்தான் தெரியும்.

மன்னிக்கவும். தங்கள் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டவற்றையும் தங்களிடம் கேட்டுவிட்டேன். மாவட்டம் முழுவதற்கும் தங்கள் அலுவலகத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை வேலைகள் தலைமேல் இருக்கின்றன என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் உள்ளே சென்று பார்க்கும் அதிகாரம் தங்களுக்கு இருக்கிறது. எங்களுக்கு இல்லை.

அம்மாவின் புண் ஆற நான்கு மாதம் ஆயிற்று. எலும்பு சேர்ந்து, நடக்கப் பழகியிருக்க வேண்டிய மாதங்கள் அவை. ஒருக்களித்துப் படுத்தபடியே கழித்தார். தினமும் புண்ணைக் கழுவிக் கட்டும்போது தலையணை உறையைக் கடித்துக்கொள்வார். இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு அறை வாசல் வரை வருகிறார். கொல்லைக்கு இன்னும் போகவில்லை.

ஆகவே பணிவோடு மீண்டும் கேட்கிறேன். சொல்லாமல் வாருங்கள். இரவு 2 மணிக்கு வாருங்கள். விழித்திருக்கும் செவிலியர் எத்தனை பேர், படுக்கைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். தாமாக அசைய முடியாத நோயாளிகள் யார் யார் என்று கேளுங்கள். தங்களோடு ஓர் அரசு மருத்துவமனைச் செவிலியக் கண்காணிப்பாளரை அழைத்து வாருங்கள். நோயாளியின் சம்மதம் பெற்று, திரையை இழுத்துவிட்டு, நோயாளியின் முதுகையும் குதிகாலையும் அவர் பார்க்கட்டும். பதிவேட்டை அதற்குப் பிறகு திறங்கள். கண்டது எதுவானாலும் தமிழில் எழுதி மருத்துவமனை வாசலில் ஒட்டச் செய்யுங்கள். நன்றாக இருந்தால் அதையும் ஒட்டட்டும்; நான் முதல் ஆளாக மகிழ்வேன். என் தாயாரின் கோப்பையும் தயவுசெய்து மீண்டும் திறங்கள்.

தாளின் நகலை மறுபடியும் இணைத்திருக்கிறேன். டிஸ்சார்ஜ் நாளின் பக்கமும் பணம் கட்டிய ரசீதும் ஒன்றாகப் பின் செய்யப்பட்டுள்ளன. இரண்டிலும் உள்ள நேரத்தை ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாவட்டத்து ஆசிரியை ஒருவர்