‘ப்ளடி’ சொன்ன அம்மையாருக்கு

அன்புள்ள திருமதி பேட்ரிக் கேம்பெல் அம்மையாருக்கு,

வணக்கம். 1914 ஏப்ரல் 11 அன்று லண்டன் ஹிஸ் மெஜஸ்டிஸ் தியேட்டரில் நீங்கள் சொன்ன ஒரே ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகம், எலைசாவாக நடித்தது நீங்கள். தெருவில் பூ விற்ற எலைசாவுக்குச் சீமாட்டி மாதிரிப் பேசக் கற்றுக்கொடுத்து, பெரிய வீட்டு விருந்துக்கு வரவழைக்கிறார்கள். கிளம்பும் நேரத்தில், பூங்கா வழியாக நடந்தா போகிறீர்கள் என்று ஓர் இளைஞன் கேட்கிறான். உச்சரிப்பு துளியும் பிசகாமல் நீங்கள் சொன்னீர்கள்: “நடப்பதா? நாட் ப்ளடி லைக்லி (அதற்கு வாய்ப்பே இல்லை). டாக்சியில் போகிறேன்.” உங்களுக்கு அப்போது வயது 49, எலைசாவுக்கு மிஞ்சினால் இருபது. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? அரங்கம் சிரித்து அடங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனதாம்.

வசைச்சொல் என்று ஒதுக்கப்பட்ட அந்த ‘ப்ளடி’யில் அப்படி என்ன கெட்டது இருக்கிறது என்று தோண்டினால் ஒன்றும் அகப்படவில்லை. ‘பை அவர் லேடி’, அதாவது மாதாமேல் ஆணை என்பது தேய்ந்து ‘ப்ளடி’ ஆனது என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அகராதிக்காரர்கள் ஏற்பதில்லை. 17ஆம் நூற்றாண்டிலேயே ‘ப்ளடி ட்ரங்க்’ என்றால் செம போதை. குடித்துவிட்டுக் கலாட்டா செய்யும் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு அன்று ‘பிளட்ஸ்’ என்று பெயர். அவர்களைப்போலக் குடித்தவன் என்பதிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஒரு யூகம். எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது. 1711இல் ஜோனதன் ஸ்விஃப்ட், அவர் ஒரு பாதிரியார் வேறு, தன் தோழிக்கு எழுதிய கடிதத்தில் ‘ப்ளடி ஹாட்’ என்று வெயிலைச் சலித்துக்கொள்கிறார்.

அப்புறம்தான் அது கூலிக்காரர்கள் வாயில் குடியேறியது. கனவான்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அடித்தட்டு மக்கள் ஓயாமல் சொல்வது, மரியாதைப்பட்டவர்களுக்கு அருவருப்பானது என்று 1887இல் ஆக்ஸ்போர்டு அகராதியே எழுதியது. அதே ஆண்டு கில்பர்ட்டும் சல்லிவனும் போட்ட ‘ரடிகோர்’ இசை நாடகத்துக்கும் வந்தது வம்பு. சிவந்தது என்று பொருள்படும் ‘ரடி’, ‘ப்ளடி’க்குப் பங்காளியாம். தலைப்பில் ஓர் எழுத்தை மாற்றினார்கள். உச்சரிப்பு அதேதான்!

ஷா இந்த வேஷத்தையெல்லாம் அறிந்தவர். அந்தக் காட்சியில் நீங்கள் கிளம்பிப் போன பிறகு, கிளாரா என்ற பெண் இதுதான் புது நாகரிகம்போலும் என்று நம்பி, தானும் ‘ப்ளடி நான்சென்ஸ்’ என்கிறாளே, எனக்கு உங்கள் வசனத்தைவிட அதுதான் பிடிக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் சினிமாவில் ‘ப்ளடி’ வந்தால் பின்னாலேயே ‘ராஸ்கல்’ வந்துவிடும். ‘ப்ளடி குட்’ என்று பாராட்டவும் அது உதவும் என்பது எங்கள் வில்லன்களுக்குத் தெரியாது. உங்கள் ஆட்கள் ‘அப்ஸலூட்லி’யையே வெட்டி ‘அப்ஸோ-ப்ளடி-லூட்லி’ என்று நடுவில் செருகுகிறார்கள். அதுவும் கண்ட இடத்தில் இல்லை, அழுத்தம் விழும் அசைக்குச் சரியாக முன்னால்.

2006இல் ஆஸ்திரேலியச் சுற்றுலாத் துறை, ‘வேர் தி ப்ளடி ஹெல் ஆர் யூ?’ என்று ஒரு விளம்பரம் எடுத்தது. பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் முதலில் தடை போட்டுவிட்டு, பிறகு விட்டுக்கொடுத்தார்கள். உங்களுக்கு 1914லேயே அரசுத் தணிக்கையாளர் அனுமதி கொடுத்துவிட்டாரே, அம்மையாரே!

இப்படிக்கு,
உங்கள் ரசிகன்