மங்கைக்கு, கையெழுத்துப் போடும் முன்

பாளையங்கோட்டை
16 நவம்பர் 2025

அன்புள்ள மங்கை,

ஆனி மாசம் நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவதை எல்லாம் நேரில் திட்டிக்கொள். முட்டி வலி குறைந்திருக்கிறது, பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான், பத்மா மறுபடியும் வீடு மாறிவிட்டாள். இவ்வளவுதான் இங்கே. நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. போன வாரம் போனில், "ரிடையர்மென்ட் பணத்துக்கு ஒரு கவர்ன்மென்ட் பாண்டு பார்த்து வைச்சிருக்கேன், 9.2 பெர்சன்ட்" என்றாயே, அன்றிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அதே பாண்டைத்தான் எங்கள் அண்ணன் அக்டோபர் மாதம் வாங்கினார்.

தீபாவளிக்கு அண்ணனும் மதினியும் வந்திருந்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும் அண்ணன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து என் முன்னால் விரித்தார். "நீ கருவூலத்தில் இருந்தவள்தானே, பார்த்துச் சொல்லு. பத்து லட்சத்துக்குத்தான் பாண்டு வாங்கினேன். பதினொண்ணு இருபத்திரண்டு ஏன் போச்சு?"

தாளில் 9.20% ஜிஎஸ் 2030 என்று இருந்தது. ஜிஎஸ் என்றால் அரசாங்கப் பத்திரம், 2030-இல் முடிவது. ரூபாய் சரிந்து வட்டி ஏறிக்கிடந்த 2013-இல் வந்த பத்திரம். இன்றைக்கு அரசாங்கம் அவ்வளவு வட்டிக்குக் கடன் வாங்குவதில்லை. அதனால் பழைய பத்திரத்துக்கு கிராக்கி. 100 ரூபாய் முகமதிப்புக்கு, அதாவது பத்திரத்தில் எழுதியிருக்கும் தொகைக்கு, அண்ணன் கொடுத்த விலை 112. அதாவது 11,20,000. போதாததற்கு, முந்தைய வட்டித் தேதியான செப்டம்பர் 30-க்குப் பிறகு ஓடிய பத்து நாள் வட்டி 2,556 ரூபாயை விற்றவருக்குக் கொடுக்க வேண்டும். அது மார்ச் வட்டியோடு திரும்பி வந்துவிடும், அதைப் பற்றிக் கவலை இல்லை.

கவலை அந்த 112-இல் இருக்கிறது. 9.20 என்பது முகமதிப்புக்குக் கட்டிய வட்டி. அண்ணன் போட்டது நூறு இல்லை, நூற்றுப் பன்னிரண்டு. அவருக்கு வருஷம் வருவது 92,000. அதைப் போட்ட 11,20,000-ஆல் வகுத்தால் 8.21 சதவீதம். இதைத்தான் கரண்ட் யீல்டு என்கிறார்கள். வருஷ வட்டியை இன்றைய விலையால் வகுக்கிற கணக்கு, அவ்வளவுதான். நம் வார்டன் அக்காவின் கால் கிலோ மைசூர்பாக்குக் கணக்கைவிடச் சுலபம். செடிகொடி டீச்சரான நீயே போட்டுவிடுவாய்.

விற்றவர் அண்ணனிடம் இந்த 8.21-ஐயும் சொல்லியிருக்கிறார். "போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் திட்டத்தில் 8.2-தான் சார், இதில் அதைவிடக் கூட" என்றாராம். இரண்டு எண்ணுமே சரி. ஆனால் 2030 செப்டம்பரில் அரசாங்கம் அண்ணனுக்குத் திருப்பித் தரப்போவது பத்து லட்சம் மட்டும்தான். 1,20,000 போய்விடும். கரண்ட் யீல்டு அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காது. இந்த வருஷம் கைக்கு என்ன வரும் என்று கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்லும். கடைசியில் முதல் என்ன ஆகும் என்று அதைக் கேட்கக் கூடாது.

நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அண்ணனுக்குப் போட்டுக் காட்டினேன். உனக்கும் அதையே எழுதுகிறேன். அதே 11,20,000-ஐ சீனியர் சிட்டிசன் திட்டத்தில் போட்டிருந்தால் வருஷத்துக்கு 91,840 வந்திருக்கும். பாண்டைவிட 160 ரூபாய் குறைவு. ஐந்து வருஷம் கழித்து 11,20,000 அப்படியே கைக்கு வரும். வருஷம் 160 ரூபாய் கூடுதலுக்காக ஒண்ணேகால் லட்சத்தை ஒட்டி விட்டுக்கொடுத்திருக்கிறார், மங்கை. மதினி அந்தத் தாளையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் பேசவில்லை.

இன்னொன்றையும் பார். 2030-லேயே முடிகிற 5.85% பத்திரம் ஒன்று இருக்கிறது, 2020-இல் வட்டி அடிமட்டத்தில் இருந்தபோது வந்தது. அதே அரசாங்கம், முதிர்வு இரண்டு மாதம்தான் பின்னால். அதன் விலை 98 என்று வைத்துக்கொண்டால் கரண்ட் யீல்டு 5.97. ஒன்று 8.21, ஒன்று 5.97, பார்க்கிற யாரும் முதலாவதைத்தான் எடுப்பார்கள். ஆனால் முதிர்வில் வருகிற இரண்டு ரூபாய் லாபத்தையும் பன்னிரண்டு ரூபாய் நட்டத்தையும் வருஷங்களுக்குப் பங்கிட்டுச் சேர்த்தால், இரண்டுமே ஆறே காலுக்கும் ஆறரைக்கும் நடுவில் வந்து நிற்கின்றன. இதுதான் முதிர்வு வரைக்குமான யீல்டு. நீ கேட்க வேண்டியது இந்த எண்ணை. கையால் போட வேண்டுமானால், பன்னிரண்டு ரூபாய் நட்டத்தை ஐந்து வருஷத்துக்குப் பங்கிட்டால் வருஷத்துக்கு 2.40. அதை 9.20-இல் கழி, 6.80. அதை 112-க்கும் 100-க்கும் நடுவிலுள்ள 106-ஆல் வகு. 6.4 வரும். கம்ப்யூட்டர் 6.36 என்கிறது. முடிவெடுக்க இந்தத் துல்லியம் தாராளம்.

வரியிலும் அடி இருக்கிறது. 92,000 முழுக்க வட்டி வருமானம், முழுசுக்கும் வரி. போட்ட முதலிலிருந்து குறைகிற 1,20,000 மூலதன நட்டம். அதை வட்டியில் கழித்துக்கொள்ள முடியாது.

அரசாங்கப் பத்திரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணம் முழுகாது. நூறை ஒட்டிய விலையில் கிடைத்தால் எனக்கும் ஆசைதான். 2021 நவம்பரிலிருந்து ரிசர்வ் வங்கியின் ரீடெய்ல் டைரக்ட் தளத்தில் நாமே நேரடியாக வாங்கலாம், ஏலத்தில் பத்தாயிரம் ரூபாயிலிருந்து கேட்கலாம். ஆனால் உனக்கு அறுபது முடிந்துவிட்டது. முப்பது லட்சம் வரை சீனியர் சிட்டிசன் திட்டத்தில் இடம் இருக்கிறது. முதலில் அதை நிரப்பு.

அண்ணன் விற்கவில்லை. விற்கப் போனால் என்ன விலைக்குக் கேட்பார்களோ என்று பயப்படுகிறார். பேத்தியின் ஹாஸ்டல் பணத்துக்கென்று அரைவருஷ வட்டி 46,000-ஐ முழுசாக எழுதி வைத்திருந்தார். அதில் 12,000 வட்டியே இல்லை, அவருடைய சொந்த முதல் என்று சொன்னேன். முகம் வாடிவிட்டது, எனக்கே பொறுக்கவில்லை. மறுவாரம் மதினி போஸ்ட் ஆபீஸில் தனிக் கணக்கு ஒன்று தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு வட்டிக்கும் அந்த 12,000 அதில் போகும். பத்துத் தவணையில் போன முதல் திரும்பச் சேர்ந்துவிடும். ஹாஸ்டலுக்கு 34,000, மீதியை என் தம்பி பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறான்.

உன்னிடம் கொடுத்த தாளைப் போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்பு. விலை, முதிர்வுத் தேதி இரண்டும் தெளிவாகத் தெரியட்டும். நான் பதில் சொல்லும்வரை செக்கில் கையெழுத்துப் போடாதே. அவர் அவசரப்படுத்தினால் என் நம்பரைக் கொடு, நான் பேசிக்கொள்கிறேன்.

கார்த்திகைக்கு வருகிறாயா இல்லையா என்பதையும் எழுது. பொரி உருண்டை உன் கையால்தான்.

உன்
சரசு