இரண்டு மேடும் ஒரு சராசரியும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் ஜிபிசி (நுண்துளை மணிகள் நிரப்பிய குழாயில் ஓட்டி, பெரிய சங்கிலி முதலில் வரும்படி பாலிமரை அளவுவாரியாகப் பிரிக்கும் முறை) வரைபடமும் வந்து சேர்ந்தன. பாலிஸ்டைரீனும் பிஎம்எம்ஏவும் (அக்ரிலிக் பிளாஸ்டிக்) உள்ள சாம்பிள், டிஹெச்எஃப் என்ற கரைப்பானில் ஓட்டியது, இரண்டு மேடு. கீழே மென்பொருள் அச்சடித்திருக்கும் எம்என் (எண்ணிக்கைவாரி சராசரி மூலக்கூறு எடை), எம்டபிள்யூ (நிறைவாரி சராசரி) இரண்டையும் முதலில் அடித்து நீக்கிவிடு. 10,000 எடைச் சங்கிலியும் 1,00,000 எடைச் சங்கிலியும் நிறையில் பாதிக்குப் பாதி இருந்தால் எம்என் சுமார் 18,200, எம்டபிள்யூ 55,000 என்று வரும். ஆனால் 18,200 எடையில் ஒரு சங்கிலிகூட அதில் இருக்காது. பள்ளத்தில் கோடு கிழித்து, ஒவ்வொரு மேட்டுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடு.

மேடுகளின் பரப்பளவு 69க்கு 31 என்பதால் பாலிஸ்டைரீன் இரண்டு மடங்குக்கு மேல் என்று எழுதியிருக்கிறாய். அப்படி எடுத்துக்கொள்ளாதே. ஆர்ஐ (ஒளிவிலகல் எண்) டிடெக்டர் நிறையை மட்டும் பார்ப்பதில்லை. செறிவோடு ஒளிவிலகல் எண் எவ்வளவு மாறுகிறது என்பதையும் (டிஎன்/டிசி) சேர்த்தே பார்க்கிறது. டிஹெச்எஃப்-இல் பாலிஸ்டைரீனுக்கு அது சுமார் 0.185, பிஎம்எம்ஏவுக்கு சுமார் 0.085. பரப்பளவை அதால் வகுத்துப் பார், கிட்டத்தட்ட சரிபாதி வரும். சிலிகோன் (பிடிஎம்எஸ்) கலந்திருந்தால் டிஹெச்எஃப்-இல் கண்ணிலேயே படாது.

மேடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும் இடத்தில் வகுத்தல் போதாது. 254 நானோமீட்டரில் யுவி (புற ஊதா) டிடெக்டரும் வை. பாலிஸ்டைரீன் உறிஞ்சும், பிஎம்எம்ஏ அநேகமாக உறிஞ்சாது. செறிவு தெரிந்த தனிப் பாலிஸ்டைரீனை ஓட்டி யுவியை அளவுபடுத்து. வரைபடத்தின் ஒவ்வொரு துண்டிலும் பாலிஸ்டைரீனின் பங்கை ஆர்ஐயிலிருந்து கழி, மிச்சம் பிஎம்எம்ஏ. அதற்குமுன், இரண்டு டிடெக்டருக்கும் இடையிலுள்ள தாமதத்தை ஒரு குறுகிய ஸ்டாண்டர்டு (எடை தெரிந்த, ஏறக்குறைய ஒரே நீளச் சங்கிலிகள் கொண்ட மாதிரி) வைத்துச் சரிசெய். 0.1 மி.லி. பிசகினாலே மேட்டின் ஒரு ஓரத்தில் பாலிஸ்டைரீன் கூடுதல், மறு ஓரத்தில் குறைவு என்று பொய்க்கதை சொல்லும்.

முன்பக்கம் ஊசிபோல் நிற்கும் பீக்கைப் பெரிய பாலிமர் என்று நம்பாதே. மணிகளின் துளைகளுக்குள் நுழையாத எல்லாமே அங்கேதான் ஒன்றாக வெளியேறும். அந்த இடத்துக்கு மூலக்கூறு எடை சொல்ல கேலிப்ரேஷனுக்கு (ஸ்டாண்டர்டுகளை வைத்துப் போட்ட அளவுகோலுக்கு) வக்கில்லை. பின்பக்கம், டிஹெச்எஃப்-இல் கெடாமலிருக்க நிலைப்படுத்தியாகப் போடும் பிஹெச்டி (BHT) என்ற பொருளின் பீக்குக்கு முன்னாலேயே எல்லையை நிறுத்து. வாலைக் கொஞ்சம் நீட்டினாலும் எம்என் சரிந்துவிடும்.

மேட்டின் ஓரத்தில் தோள்பட்டைபோல் ஒரு புடைப்பு தெரிந்தால் பாதிச் செறிவில் (1 மி.கி./மி.லி. அளவில்) மறுபடி ஓட்டு. பீக் இடம் மாறினால் அது ஓவர்லோடு, அதாவது சாம்பிளை அதிகமாக ஏற்றியதன் விளைவு. மாறாமல், சரியாக இரட்டிப்பு எடையில் நின்றால் ஸ்டைரீன் சங்கிலிகள் ஒன்றோடொன்று இணைந்த அடையாளம்.

இது பிளாக் கோபாலிமரா (இரண்டும் ஒரே சங்கிலியில் பகுதி பகுதியாகப் பிணைந்தது), வெறும் கலவையா என்ற கேள்விக்கு ஜிபிசி மட்டும் பதில் தராது. ஒரே அளவுள்ள இரண்டு பாலிமரும் ஒன்றாகத்தான் வெளியே வரும். கொதிக்கும் சைக்ளோஹெக்சேனில் கழுவு. தனிப் பாலிஸ்டைரீன் கரைந்து போகும், பிஎம்எம்ஏ கரையாது. பாலிஸ்டைரீன் பகுதி நீளமான கோபாலிமரும் மைசெல்லாக (நுண்ணிய திரளாக) அதில் கரையும் என்பதால், கரைந்து வந்ததை என்எம்ஆரில் (காந்த அதிர்வு நிறமாலைக் கருவியில்) போட்டு 3.6 பிபிஎம்மில் பிஎம்எம்ஏவின் மெத்தாக்சி தெரிகிறதா என்று பார். யுவி வரைபடத்தையும் அடுத்த கடிதத்தோடு அனுப்பு.

அன்புடன்,
ரவி