22, 23 சரி, 24 எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். வேதாகமத்தில் ஆறுதல் தரும் சங்கீதங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 23, 91, 121 என்று நம் எல்லாருக்கும் மனப்பாடமானவற்றையே கட்டுரையாளரும் எடுத்திருக்கிறார். அதில் குறையில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் நின்றுகொண்டு 91ஐ வாசிக்காமல் வேறு எதை வாசிப்பது? ஆனால் சங்கீதம் என்றாலே ஆறுதல் வசனம்தான் என்று நம் சபைகள் முடிவு கட்டிவிட்டனவோ என்று தோன்றுகிறது.

22, 23, 24 மூன்றும் வேதாகமத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. “ஏன் என்னைக் கைவிட்டீர்” என்று கதறும் 22ஐப் பெரிய வெள்ளியன்று, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் ஆராதனையில் கேட்கிறோம். 23 அடக்க ஆராதனையில் தவறாமல் வரும். ஆட்டோக் கண்ணாடியிலும் ஒட்டியிருக்கும். 24? கோயில் பிரதிஷ்டை நடந்தால் காதில் விழும், அவ்வளவுதான். ஆதிச் சபையார் அதைக் கிறிஸ்து பரமேறிய நாளின், அதாவது அவர் பரலோகத்துக்கு எழுந்தருளிய நாளின், சங்கீதமாகவே வாசித்தார்கள். நம்முடைய பழைய ஜெபபுத்தகத்திலும் அன்று மாலைக்குக் குறித்திருப்பது 24, 47, 108.

அந்த நாளையே நாம் விட்டுவிட்டோம் என்பதுதான் பிரச்சினை. உயிர்த்தெழுதலிலிருந்து 40ஆம் நாள், எப்போதும் வியாழக்கிழமை. பெரும்பாலும் மே மாதத்தில் வரும். அப்போது பிள்ளைகளுக்கு லீவு, பெரியவர்களுக்குக் கல்யாண வீடு. ஆராதனைக்கு ஐயரும் (சபைப் போதகர்) கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில் குட்டியாரும் நாலைந்து பாட்டிமாரும் வந்தால் அதிகம். கத்தோலிக்க சகோதரர்கள் இந்தியாவில் அதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக் கொண்டாடுகிறார்கள். அங்கே அன்றைய பதிலுரைப் பாடல் 47. நாமும் அப்படிச் செய்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு வியாழக்கிழமையே போதும், ஆள் வந்தால்.

24ஆம் சங்கீதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். “யார் கர்த்தருடைய பர்வதத்தில் ஏறுவான்?” என்று முதலில் ஒரு கேள்வி. கைகளில் சுத்தமுள்ளவன், இருதயத்தில் மாசில்லாதவன், கபடாய் ஆணையிடாதவன் என்று பதில். (சபை நிர்வாகத்துக்கான திருமண்டலத் தேர்தல் சமயத்தில் இந்த வசனத்தை நோட்டீஸ் பலகையில் எழுதி வைக்கலாம்.) அந்தப் பரீட்சையில் நம்மில் யாரும் தேறமாட்டோம். ஆனாலும் இரண்டு வசனம் தள்ளி, வாசல்களைத் திறக்கச் சொல்லிக் குரல் கேட்கிறது. அப்படியானால் யாரோ ஒருவர் ஏறி வந்திருக்கிறார்.

உள்ளேயிருந்து உடனே கதவு திறக்கவில்லை. “யார் இந்த மகிமையின் ராஜா?” என்று கேட்கிறார்கள். வானத்தில் இருப்பவர்களுக்குமா அவரைத் தெரியாது? இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஜஸ்டின் மார்ட்டர் இதற்கு ஒரு விளக்கம் எழுதினார்: கிறிஸ்து அழகும் மகிமையும் இல்லாத கோலத்தில் வந்ததால் வானத்து அதிபதிகளுக்கு அடையாளம் தெரியவில்லையாம். அந்தக் கோலம் நம்முடைய கோலம்தானே! பெத்லகேமில் எடுத்த உடலைக் கழற்றிப் போட்டுவிட்டு அவர் போகவில்லை. தழும்போடு போனார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு 13ஆம் சங்கீதத்துக்குப் போங்கள். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” கடன், வியாதி, வேலை கிடைக்காத மகன் என்று எந்த வீட்டில் இந்தக் கேள்வி இல்லை? பரத்திலிருந்து அந்தக் கேள்விக்குச் செவிகொடுக்கும் கிறிஸ்துவும் ஒரு காலத்தில் சிலுவையில் 22ஐச் சொல்லிக் கதறியவர். எபிரெயருக்கு எழுதிய நிருபம் 110ஆம் சங்கீதத்தைத் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொள்வது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். பிதாவின் வலதுபாரிசத்தில் உட்கார்ந்திருக்கும் ராஜா, நமக்காகப் பரிந்து பேசுகிற ஆசாரியரும்கூட. பரமேறுதலைப் பிரிவு உபசார விழாவைப் போலப் பேசும் பிரசங்கங்களில் இது காணாமல் போய்விடுகிறது. லூக்கா எழுதியிருப்பதோ, சீஷர்கள் மிகுந்த சந்தோஷத்தோடே எருசலேமுக்குத் திரும்பினார்கள் என்று.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அன்று மாலை 24ஐ ஐயர் தனியாக வாசித்து முடிக்காமல், வாசலருகே ஒரு சாராரும் பீடத்தருகே ஒரு சாராருமாக நின்று, கேள்வியும் பதிலுமாகச் சொல்லட்டும். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளிடம் கேள்விப் பகுதியைக் கொடுத்தால் கோயில் அதிரும். தங்கள் பத்திரிகையும் ஈஸ்டர் இதழோடு நிறுத்திக்கொள்ளாமல், மே இதழில் 47, 68, 110 சங்கீதங்களுக்கு நாலு பக்கம் ஒதுக்கினால் உதவியாக இருக்கும். தேதி சபை நாட்காட்டியான அல்மனாக்கில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.