கருப்பசாமிக்கு ரகசிய வாக்கு உண்டா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தேர்தலில் மதத்தின் தலையீடு பற்றிய தங்கள் கட்டுரை மேடைப் பேச்சோடு நின்றுவிட்டது. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பதும் முறைகேடுதான் என்று 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு (நான்குக்கு மூன்று என்று பிரிந்து) தீர்ப்பளித்தது முக்கியம்தான். ஆனால் மேடையில் பேசுவதையாவது செல்போனில் பிடித்துவிடலாம்.

எங்கள் பக்கம் நடப்பது வேறு. ராத்திரியில் பணம் கொண்டுவருகிறவர் சும்மா நீட்டிவிட்டுப் போவதில்லை. குலசாமி பேரைச் சொல்லி, சூடத்தை அணைத்து, சில வீடுகளில் பிள்ளை தலையில் கைவைக்கச் சொல்லி, 'நம்ம சின்னத்துக்குத்தான்' என்று சத்தியம் வாங்கிக்கொண்டே போகிறார். 'பணத்தை வாங்கிக்கிட்டு மனசாட்சிப்படி போடுங்க' என்று நகரத்தில் இருந்துகொண்டு அறிவுரை சொல்வது சுலபம். அட்டை மறைப்புக்குள் எந்தப் பொத்தானை அழுத்தினோம் என்பது கட்சிக்காரருக்குத் தெரியாது, கருப்பசாமிக்குத் தெரியாதா? அடுத்த மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அந்தத் தாய்க்கு முதலில் ஞாபகம் வருவது எது?

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(2) பிரிவு, தெய்வக் கோபத்துக்கு ஆளாவாய் என்றோ சமயத் தலைமையின் கண்டனத்துக்கு ஆளாவாய் என்றோ வாக்காளரை நம்பவைப்பதைத் தகாத செல்வாக்கு என்கிறது. சூடத்துச் சத்தியமும் இதற்குள் அடங்கும் என்பதே என் வாசிப்பு. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 171-ஆம் பிரிவிலும் இதே குற்றம் உண்டு. ஓராண்டு வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தில் இது 1920-லேயே ஏறிவிட்டது. மூலம் இங்கிலாந்துச் சட்டம். அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அயர்லாந்தின் கால்வே தொகுதியில் பாதிரியார்கள் வாக்காளர்களை மிரட்டினார்கள் என்று 1872-இல் நீதிபதி கியோ ஒரு தேர்தலையே ரத்து செய்தார். நம் உச்ச நீதிமன்றமும் 1959-இல், நாம்தாரி சீக்கியர்களின் குரு இன்னாருக்கே வாக்களிக்க வேண்டும் என்று ஆணையிட்ட வழக்கில், வென்றவரின் தேர்தல் செல்லாது என்றது. மதத் தலைவர் தன் விருப்பத்தைச் சொல்லலாம். மீற வழியில்லாதபடி கட்டளையிடக் கூடாது என்று கோடு கிழித்தது.

அந்த 123(2) பிரிவு ஏன் தூங்குகிறது? முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட வேண்டும். யார் போடுவது? தோற்றவர் ஆட்களும் அதே தெருவில் சூடம் ஏற்றியவர்கள்தானே. வேட்பாளர்கள் மடத்துக்கும் தர்காவுக்கும் ஆயர் இல்லத்துக்கும் போய்ப் படம் எடுத்துக்கொள்வதை நாம் மாய்ந்து மாய்ந்து விவாதிக்கிறோம். எனக்கு அதில் பெரிய கவலை இல்லை.

பறக்கும் படை நோட்டுக் கட்டுகளைப் பிடிப்பதோடு, சத்தியம் வாங்குவதும் குற்றம் என்று தேர்தல் ஆணையம் ஒவ்வொரு ஊரிலும் தண்டோரா போடட்டும். கோயில் பூசாரி, பங்குத் தந்தை, ஜமாஅத் பெரியவர்கள் ஆகியோரை ஆட்சியர் வாக்குப்பதிவுக்கு முன்பே அழைத்து, காசுக்காக வாங்கப்பட்ட சத்தியம் யாரையும் கட்டாது என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்கட்டும். ஆட்சியர் சொன்னால் எங்கள் ஊரில் யோசிப்பார்கள். பூசாரி சொன்னால் நம்புவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேலூர்.