சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்: லூசர்ன் ஏரியைப் பேருந்தில் கடந்து போய்விடாதீர்கள்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். செப்டம்பர் இறுதியில் நீங்களும் சித்தியும் வரவிருக்கும் சுவிட்சர்லாந்துப் பயணத்துக்காகச் சுற்றுலா நிறுவனம் போட்டுத் தந்த திட்டத்தைப் படித்தேன். லூசர்னுக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த நாளிலும் காலையில் பேருந்தில் ஏங்கல்பெர்க், அங்கிருந்து டிட்லிஸ் பனிமலை, மாலையில் மரப்பாலம், சிங்கச் சிற்பம், கடைவீதி, இரவே இண்டர்லாக்கன் என்று எழுதியிருக்கிறது. ஏரியில் கால் வைக்க ஒரு மணி நேரம்கூட இல்லை. இதே திட்டத்தோடு நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் பலர் என்பதால், உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டியதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். முடிந்தால் இண்டர்லாக்கனில் ஓர் இரவைக் குறைத்துக்கொண்டு லூசர்னில் மூன்று இரவுகள் தங்குங்கள்.

இந்த ஏரியின் பரப்பு சுமார் 114 சதுர கிலோமீட்டர். பரப்பைவிட அதன் வடிவம்தான் முக்கியம். மலைகளுக்கு நடுவே கை கால்களை நீட்டி மடக்கிக் கிடக்கும் ஏரி இது. கரையில் எங்கே நின்றாலும் ஒரு துண்டுதான் கண்ணில் படும், அடுத்த துண்டை ஏதோ ஒரு மலை மறைத்துவிடும். தெற்கே ஃப்ளூயெலன் அருகில் ராய்ஸ் ஆறு உள்ளே வந்து, லூசர்ன் நகரத்தின் பாலங்களுக்கு அடியில் வெளியேறுகிறது. ஆகவே இந்த வட்டாரத்தை ஒழுங்காகப் பார்க்க வேண்டுமென்றால் கப்பலில் போக வேண்டும். லூசர்ன் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே கப்பல்துறை இருக்கிறது. பெட்டியை உருட்டிக்கொண்டே போய் ஏறிவிடலாம்.

கப்பல்களில் ஐந்து இன்றும் நீராவியில் ஓடுகின்றன. 1901-இல் கட்டிய ‘ஊரி’ அவற்றில் மூத்தது, 1928-இல் வந்த ‘ஷ்டாட் லூசர்ன்’ இளையது. இருபுறமும் துடுப்புச் சக்கரங்கள் சுழலும். கப்பலின் நடுவில் எந்திர அறை மேலே திறந்திருப்பதால், கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தபடி பிஸ்டன் தண்டுகள் போய்வருவதையும் எண்ணெய் விடுபவர் வேலை செய்வதையும் பார்த்துக்கொண்டே பயணம் செய்யலாம். குன்னூர் லோகோ ஷெட்டில் பணியாற்றிய உங்களை அந்த இடத்திலிருந்து கிளப்பி, வெளியே மலையைப் பார்க்க வைப்பதற்குச் சித்தி பாடுபட வேண்டியிருக்கும். எந்த நேரத்துக் கப்பல் நீராவிக் கப்பல் என்பது கால அட்டவணையிலேயே குறித்திருக்கும். இலையுதிர் காலத்தில் அவை குறைவாகவே ஓடும் என்பதால் முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் அப்படி ஒரு கப்பலில் ஃபிட்ஸ்னாவ் வரை செல்லுங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். கப்பல்துறைக்கு எதிரிலேயே ரிகி மலைக்குச் செல்லும் சிவப்பு ரயில் நிற்கும். 1871 மே 21 அன்று தொடங்கிய இதுதான் ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில், அதாவது நடுவே பதித்த பல் தண்டவாளத்தை எஞ்சினின் பல்சக்கரம் கவ்விக்கொண்டு ஏறும் ரயில். அதற்கு முன்பு வசதியுள்ள பயணிகளை ஆட்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு மலையேறினார்கள். இந்தப் பாதையை உருவாக்கிய நிக்லாவுஸ் ரிக்கன்பாக்கின் பெயரை நீங்கள் நிச்சயம் கேட்டிருப்பீர்கள். 1880-களில் நீலகிரிக்கு வந்து மலை ரயிலுக்கு வழி ஆராய்ந்தவர் அவர்தான். அந்த முயற்சி பணமில்லாமல் நின்றுபோனது. பிறகு 1899-இல் குன்னூர் வரை ஓடிய ரயிலுக்குப் பல் தண்டவாள முறையைத் தந்தவர், அவரிடம் வேலை பழகிய ரோமன் ஆப்ட். நீங்கள் பழுது பார்த்த எக்ஸ் வகை எஞ்சின்களும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் வார்த்தவையே. உங்கள் தொழிலின் பிறந்த வீடு இந்த ஏரிக்கரை என்று சொன்னால் மிகையாகாது, அதை விட்டுவிட்டு ரோப் காரில் ஏறப் போகிறீர்களே என்பதுதான் என் ஆதங்கம்.

கல்லாறு முதல் குன்னூர் வரை பன்னிரண்டுக்கு ஒன்று, அதாவது பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி உயரும் ஏற்றத்தை நீங்கள் அறிவீர்கள். ரிகியில் அது நாலுக்கு ஒன்று வரை போகிறது. ஆப்டின் முறையில் பல்வெட்டிய பட்டைகள் அருகருகே நிற்க, ரிக்கன்பாக்கின் முறையில் இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஏணிப்படிபோல் குறுக்குக் கம்பிகள் இருக்கும். நடைமேடையில் குனிந்து பார்த்தாலே வேறுபாடு புரியும். இப்போது ஓடுபவை மின்சார ரயில்கள். சரிவிலும் நீர்மட்டம் கெடாதபடி கொதிகலனை நிமிர்த்தி வைத்துக் கட்டிய 1873-ஆம் ஆண்டின் 7-ஆம் எண் எஞ்சின் லூசர்னின் போக்குவரத்து அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. மழை பெய்யும் நாளை அந்த அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள்.

ரிகியின் உச்சி 1,800 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. உயரம் பெரிதில்லை என்றாலும், தனித்து நிற்கும் மலை என்பதால் ஒருபக்கம் ஏரிகளும் மறுபக்கம் ஆல்ப்ஸ் சிகரங்களின் வரிசையும் தெரியும். இலையுதிர் காலக் காலைகளில் லூசர்ன் மூடுபனியில் மூழ்கியிருக்கும்போது மேலே பளிச்சென்று வெயில் அடிப்பதும் உண்டு. கீழே மந்தமாக இருக்கிறதென்று திட்டத்தைக் கைவிடாமல், உச்சியிலுள்ள நேரலைக் கேமராவைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இறங்கும்போது ரிகி கால்ட்பாத் நிலையத்திலிருந்து ரோப் காரில் வெக்கிஸ் கிராமத்துக்கு வந்து அங்கே கப்பல் பிடிக்கலாம்.

இரண்டாம் நாள் பிலாட்டுஸ் மலை. ஆல்ப்னாக்ஸ்டாட்டிலிருந்து 1889 முதல் ஓடும் அந்த ரயிலின் ஏற்றம் 48 விழுக்காடு வரை, அதாவது ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று. உலகின் மிகச் செங்குத்தான பல்சக்கர ரயில் அதுதான். அத்தனை சரிவில் மேலிருந்து கவ்வும் பல்சக்கரம் தண்டவாளத்தை விட்டு எகிறிவிடும் என்பதால், எடுவார்ட் லோஹர் என்ற பொறியாளர் இரண்டு சக்கரங்களைக் கிடைமட்டமாகப் படுக்க வைத்து, பல் தண்டவாளத்தை இருபுறமும் பிடிக்கச் செய்தார். இயேசுவுக்கு மரண தண்டனை விதித்த ரோமானிய ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் ஆவி இந்த மலையில் அலைகிறது என்ற நம்பிக்கையால் மலையேறுவதையே லூசர்ன் ஒரு காலத்தில் தடைசெய்திருந்தது; 1387-இல் தடையை மீறிய ஆறு பாதிரியார்களைச் சிறையில் போட்டிருக்கிறார்கள். மறுபக்கம் ரோப் காரில் கிரியன்ஸ் வழியாக இறங்கி, நகரப் பேருந்தில் திரும்பலாம்.

மூன்றாம் நாள் மலை வேண்டாம், ஏரி மட்டும் போதும். லூசர்னிலிருந்து ஃப்ளூயெலன் வரை ஏறக்குறைய மூன்று மணி நேரக் கப்பல் பயணம். புருன்னன் தாண்டியதும் ஏரி சட்டென்று தெற்கே திரும்பி ஒடுங்கும்; இருபுறமும் பாறைச் சுவர்கள் தண்ணீரிலிருந்தே எழும். வழியில் ரூட்லி என்ற புல்வெளி வரும். 1291-இல் மூன்று வட்டாரத்தார் இங்கே கூடி, சுவிட்சர்லாந்துக்குத் தொடக்கமான ஒற்றுமை உறுதிமொழியை எடுத்ததாக மரபு சொல்கிறது. பார்ப்பதற்குப் புல்லும் ஒரு கொடியும்தான். ஆனால் 1940 ஜூலை 25 அன்று, ஜெர்மனியும் இத்தாலியும் நாட்டைச் சூழ்ந்திருந்த வேளையில், சுவிஸ் தளபதி ஆன்றி கீசான் தம் படை அதிகாரிகளை ‘ஷ்டாட் லூசர்ன்’ கப்பலில் ஏற்றி வந்து, எதிர்த்து நிற்போம் என்று அறிவித்தது இந்தப் புல்வெளியில்தான். சற்றுத் தொலைவில், தெற்கிலிருந்து வீசும் ‘ஃபோன்’ (Föhn) என்ற மலைக்காற்றில் படகு தத்தளித்தபோது சுவிஸ் மரபுக்கதை வீரன் வில்லியம் டெல் கரைக்குத் தாவியதாகச் சொல்லப்படும் இடத்தில் ஒரு சிற்றாலயம் உண்டு. டெல்லின் கதையை உலகறியச் செய்த ஜெர்மன் கவிஞர் ஷில்லர் சுவிட்சர்லாந்துக்கு வந்ததே இல்லை, ஆனாலும் அவர் பெயரில் கப்பலும் கல்லும் இருக்கின்றன. ஃப்ளூயெலனிலிருந்து ரயிலில் திரும்பிவிடலாம்.

டிட்லிஸ் மோசம் என்று நான் சொல்லவில்லை. சுழலும் ரோப் காரும் பனியாறும் குழந்தைகளுக்குப் பிடிக்கும், இந்தியச் சாப்பாடும் கிடைக்கும். ஆனால் 3,000 மீட்டர் உயரத்துக்கு ஒரேயடியாக ஏறுவது சித்தியின் மூச்சுத் திணறலுக்கு நல்லதல்ல. மேகம் மூடிவிட்டால் கொடுத்த பணத்துக்கு வெள்ளைத் திரைதான் தெரியும். நகரத்து மரப்பாலத்துக்கு ஒரு மாலைப் பொழுது போதும். 1993-இல் எரிந்து மறுபடி கட்டிய பாலம் அது, பழைய ஓவியங்களில் பெரும்பாலானவை தீயோடு போய்விட்டன.

சுவிஸ் டிராவல் பாஸ் என்ற பயணச் சீட்டு எடுத்தால் கப்பல்களுக்கும் ரிகிக்கும் தனியே சீட்டு வேண்டாம், பிலாட்டுஸுக்குப் பாதிக் கட்டணம். மலை உணவகங்களில் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்த மக்ரோனியை ஆப்பிள் கூழுடன் தருவார்கள். பன்றி இறைச்சி சேர்க்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தெரு நீரூற்றுகளின் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால் தயிரும் பழமும் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுகிறேன். சுற்றுலா நிறுவனத்தாரிடம் பேசிவிட்டு, எந்த மூன்று இரவுகள் என்று எழுதுங்கள். கப்பல் நேரங்களைப் பார்த்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்