கல்லாவில் கிடக்கும் கைப்பேசி: பினாங்கு லிட்டில் இந்தியா வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

லிட்டில் இந்தியாவின் கடை முதலாளிகளுக்கும் வணிகர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

லெபோ பசாரிலும் லெபோ குவீனிலும் உங்களில் பலருடைய கணக்குகளைப் பார்த்துக் கொடுப்பவள் நான். கணக்கர் மடல் எழுதினால் வரி கூடிவிட்டதோ என்று பதற வேண்டாம். இது வங்கிகளின் இணையச் சேவையைப் பற்றியது. புதுக் கணக்கு திறப்பவர்களும் வங்கி மாற நினைப்பவர்களும் "எந்த வங்கியின் இணையச் சேவை நல்லது?" என்று என்னிடம் கேட்பது வழக்கம். நான் திருப்பிக் கேட்பேன்: "உங்கள் வங்கிக் கணக்கை யார் யார் தொடுகிறார்கள்?" எல்லாரும் சொல்வது ஒரே பதில்: "நான் மட்டும்தான்."

அது உண்மையில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதலாளியின் கைப்பேசி கல்லாவுக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடக்கிறது. அதன் உறைக்குள் நான்காக மடித்த காகிதத்தில் கடவுச்சொல் இருக்கிறது. சரக்குக்காரருக்குப் பணம் அனுப்புவது தம்பி; சம்பளம் போடுவது அக்காள் மகள்; பணம் வந்ததா என்று பார்ப்பது கல்லாவில் நிற்கும் பையன். மூவரும் முதலாளியின் பெயரில்தான் உள்ளே நுழைகிறார்கள். ஒரு தொகை தவறான இடத்துக்குப் போய்விட்டால், அனுப்பியது யார் என்று வங்கியின் பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதில் முதலாளி பெயர்தான் இருக்கும்.

இதே ஊரில் பினாங்கு ஸ்திரீட்டில் செட்டியார்களின் தொழிலிடங்களான கிட்டங்கிகளில் வட்டித் தொழில் நடந்த நாளில் இப்படி இல்லை. மேலாளுக்கு ஒரு வேலை, அடுத்தாளுக்கு ஒரு வேலை, பெட்டியடிப் பையனுக்கு ஒரு வேலை. முதலாளி கடல் தாண்டிச் செட்டிநாட்டில் இருந்தபடியே தொழில் நடந்தது. இப்போது கைக்கெட்டும் தூரத்தில் லெபோ பந்தாய் முழுக்க வங்கிகள் இருந்தும், முதலாளி ஒரு திருமணத்துக்குக் காரைக்குடி போனால் இங்கே சம்பளம் நின்றுபோகிறது.

காரணம் உண்டு. மோசடிகள் பெருகியதால் 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா மற்ற வங்கிகளுக்குச் சில கட்டுப்பாடுகளை அறிவித்தது. குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் குறியீட்டைக் கைவிட்டு, அதைவிடப் பாதுகாப்பான முறைக்கு மாற வேண்டும். உறுதி செய்வதற்கு ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே கருவி. புதிதாகப் பதிவு செய்தால் சில மணி நேரம் காத்திருப்பு. மூன்றும் நல்லவைதான். முன்பு முதலாளி ஊரிலிருந்து குறியீட்டைத் தொலைபேசியில் படித்துச் சொல்வார், இங்கே தட்டிவிடுவார்கள். இப்போது செயலி இருக்கும் கைப்பேசியில்தான் ஒப்புதல். ஒரே பெயரை நால்வர் பகிர்ந்து பிழைத்த வழி அடைபட்டது. அதனால்தான் கைப்பேசியையே கல்லாவில் விட்டுப் போகிறீர்கள். இது பழைய பழக்கத்தைவிட மோசம். கடவுச்சொல்லைப் பிறரிடம் கொடுக்கக் கூடாது என்பது ஒவ்வொரு வங்கியின் நிபந்தனையிலும் இருக்கிறது; கொடுத்துவிட்டு, பணம் போனபின் வங்கியிடம் நியாயம் கேட்டால் உங்கள் வழக்கு பாதி அங்கேயே தளர்ந்துவிடும்.

ஆகவே வங்கியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, ஒருவர் பதிவு செய்ய இன்னொருவர் ஒப்புதல் தரும் வசதி. தம்பி தன் பெயரில் நுழைந்து தொகையை எழுதுவார். முதலாளி எங்கிருந்தாலும் தன் கைப்பேசியில் பார்த்து ஒப்புவார். மூன்றாமவருக்குப் பார்க்க மட்டும் உரிமை. இது பெரிய நிறுவனங்களுக்கு உரியது என்று நினைத்திருக்கிறீர்கள். ஆர்எச்பி வங்கியின் ரிஃப்ளெக்ஸ், ஹாங் லியோங் வங்கியின் கனெக்ட்ஃபர்ஸ்ட் போன்ற தளங்கள் தொழில் செய்வோருக்கென்றே இருக்கின்றன. ஆனால் முகப்பில் இருக்கும் அதிகாரி, 'எண்டர்பிரைஸ்' என்று பதிந்த சிறு கடைக்காரரைக் கண்டால், தனியாள் பயன்படுத்தும் எளிய சேவையைத்தான் பெரும்பாலும் நீட்டுகிறார். கேட்டுப் பெற வேண்டும். மாதக் கட்டணம் எவ்வளவு, கூடுதல் பயனருக்குத் தனிக் காசா, ஒப்புதல் தருபவர் கைப்பேசியைத் தொலைத்துவிட்டால் எத்தனை நாளில் புதிது கிடைக்கும் என்பவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது சம்பளக் கோப்பு. விளம்பரத்தில் ஒரு வரிதான்: "மொத்தச் சம்பளப் பட்டுவாடா வசதி உண்டு." உண்டுதான். என் வாடிக்கையாளர் ஒருவரின் வங்கியில் அந்தக் கோப்பைப் பதிவேற்றினேன். "கோப்பு ஏற்கப்படவில்லை" என்று மட்டும் வந்தது. எந்த வரி, எந்தக் கட்டம், ஒன்றும் இல்லை. தேடித் தேடிப் பார்த்தால், 2001இல் பிறந்த ஒரு பணிப்பெண்ணின் அடையாள அட்டை எண், பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களில் தொடங்குவதால், பூஜ்ஜியத்தில் தொடங்குகிறது. எக்ஸெல் அந்தப் பூஜ்ஜியத்தைத் தின்றுவிட்டது. ஒருத்திக்காக அத்தனை பேர் சம்பளமும் திரும்பிவிட்டது. 2000க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள்தான் இப்போது நம் கடைகளில் வேலைக்கு வருகிறார்கள், இந்தத் தொல்லை இனிக் கூடத்தான் செய்யும். பிழையான வரியைச் சுட்டிக்காட்டும் வங்கி, வட்டியில் கொஞ்சம் குறைத்தாலும் எனக்குச் சம்மதம். கூடவே ஊழியர் சேமநிதி, சொக்சோ எனும் சமூகக் காப்புறுதி, மாத வரிப்பிடித்தம் மூன்றையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவற்றை அதே தளத்திலிருந்து செலுத்த முடிந்தால் பாதிச் சுமை இறங்கும்.

கைப்பேசியால் வருடிப் பணம் கட்டும் டுயிட்நவ் கியூஆர் அட்டை இல்லாத கடை இன்று நம் தெருவில் அரிது. மகாமாரியம்மன் கோயில் பக்கம் பூக்கடையிலும் இருக்கிறது. கூட்டம் நெருக்கும் மாலையில் ஒருவர் கைப்பேசித் திரையைக் காட்டி "கட்டிவிட்டேன்" என்கிறார். அது பழைய படமா, புதுப் பணமா? கல்லாப் பையனுக்குத் தெரிய வழியில்லை. வந்த பணத்தைப் பார்க்க மட்டும் காசாளருக்குத் தனி நுழைவு தரும் வணிகர் செயலிகள் இருக்கின்றன. தொகையை உரக்கச் சொல்லும் பெட்டியும் இருக்கிறது. இவற்றைக் கேளுங்கள். பல கடைகளில் அந்த அட்டை முதலாளியின் சொந்தச் சேமிப்புக் கணக்கோடு இணைந்திருக்கிறது. ஆண்டு முடிவில் அவருடைய மளிகைச் செலவிலிருந்து கடை வருமானத்தைப் பிரித்தெடுப்பது என் தலையில் விழுகிறது.

கட்டணம் பற்றி நிறையப் பேசுகிறீர்கள், அதில் பேச அவ்வளவு இல்லை. 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரையிலான உடனடிப் பணமாற்றுக்கு இருந்த 50 காசு, தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் 2018 ஜூலையிலேயே தள்ளுபடியாகிவிட்டது. காசோலைக்குத்தான் 2015இல் 50 காசு கட்டணம் வந்தது. காசோலையைக் கைவிடாமல் கட்டணத்தைத் திட்டுவதில் பொருளில்லை.

பதிவுகள் வேறு கதை. வரிக்காகக் கணக்கு ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். இணையத்தில் எவ்வளவு காலத்துப் பரிமாற்றம் தெரியும், அறிக்கை எக்ஸெல்லாக இறங்குமா, பிடிஎஃப் மட்டும்தானா என்று யாரும் கேட்பதில்லை. வரி வாரியத்தின் மின் விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்கியது. அது உங்கள் கடையை எட்டினால், பிடிஎஃபைப் பார்த்து ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்யும் பொறுமை என்னிடம் இருக்காது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மோசடி என்று தெரிந்தவுடன் 997 எண்ணை அழைக்க வேண்டும் என்பதைக் கல்லாவில் ஒட்டிவையுங்கள். உறைக்குள் இருக்கும் கடவுச்சொல் காகிதத்தைக் கிழித்துவிட்டு ஒட்டுங்கள்.

சங்கப் பொறுப்பாளர்களுக்குத் தனியாக ஒரு கோரிக்கை. தீபாவளிக்குப் பரிசுக்கூடை கொண்டுவரும் கிளை மேலாளரின் முகத்துக்காக வங்கியைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மேலாளர் இரண்டு மூன்று ஆண்டில் மாற்றலாகிப் போவார், தளம் நம்மோடு இருக்கும். கடைகள் மூடியபின் ஒரு மாலை, நான்கைந்து வங்கிகளின் சிறுதொழில் அதிகாரிகளைச் சங்க மண்டபத்துக்கு அழையுங்கள். படக்காட்சியும் பலகாரமும் வேண்டாம். தளத்தைத் திறந்து, நாம் கொடுக்கும் மாதிரிச் சம்பளக் கோப்பை நம் கண்முன் பதிவேற்றிக் காட்டட்டும். ஒருவர் எழுத, இன்னொருவர் ஒப்பட்டும். கோப்பை நான் தயாரித்துத் தருகிறேன். பூஜ்ஜியத்தில் தொடங்கும் எண் ஒன்று அதில் கட்டாயம் இருக்கும்.

தேதியை மட்டும் குறித்துச் சொல்லுங்கள். 15ஆம் தேதிக்கு முந்தைய வாரமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கணக்குகளைப் பார்ப்பவள்
ஜார்ஜ்டவுன், பினாங்கு